சேப்பாக்கம் மைதானம்: எந்த ரசிகருக்கு எந்த நாள்?

ஒரு கிரிக்கெட் மைதானம் எப்படி என்று கேட்பவர்கள் இருக்கை வசதியா, நிழல் உண்டா, கழிப்பறை சுத்தமா, வண்டியை எங்கே நிறுத்துவது என்பவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். அவை எல்லாம் வேண்டியவைதாம். இந்த மதிப்புரையிலும் அவற்றைச் சொல்லப் போகிறேன். ஆனால் சென்னை சேப்பாக்கத்தில் உள்ள எம்.ஏ. சிதம்பரம் மைதானத்தைப் பொறுத்தமட்டில் அதற்கு முன்பு கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் யார் பக்கம் நின்று ஆட்டம் பார்ப்பவர்? ஊருக்காகவா, ஒரு வீரருக்காகவா, நாட்டுக்காகவா, ஆட்டத்துக்காகவா? இருக்கை ஒன்றேயானாலும், ஐபிஎல் இரவிலும் டெஸ்ட் ஆட்டத்தின் பிற்பகலிலும் மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையின் காலை நேரத்திலும் அது தரும் அனுபவம் வேறு வேறு. தமக்குப் பொருந்தாத நாளில் சீட்டு வாங்கிப் போய், வீட்டில் டிவியிலேயே பார்த்திருக்கலாம் என்று சலித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவும், முதல் முறையாகச் செல்லத் திட்டமிடுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எல்லா வகை ரசிகர்களுக்கும் சேப்பாக்கத்தில் இடம் இருக்கிறது. ஆனால் எதிரணி நன்றாக ஆடினால் அதற்கும் கைதட்ட மனம் உள்ளவருக்குத்தான் இந்த மைதானம் தன்னிடம் உள்ள முழுவதையும் தருகிறது. வேறு ஊர் மைதானங்களில் பெரிய திரை இருக்கலாம், அகலமான இருக்கை இருக்கலாம். இந்தக் கைதட்டல் பழக்கத்தை விலை கொடுத்து எங்கும் வாங்கிவிட முடியாது.

மைதானம் 1916-இல் உருவானது. 1934 பிப்ரவரியில் இங்கே முதல் டெஸ்ட் ஆட்டம் இங்கிலாந்துக்கு எதிராக நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே இங்குதான் நடந்து ஒரே நாளில் முடிந்தது. டெஸ்ட் கிரிக்கெட்டில் இந்தியாவின் முதல் வெற்றி 1952-இல் இங்கே கிடைத்தது. வினு மன்கட் அந்த ஆட்டத்தில் 12 விக்கெட்டுகள் எடுத்தார். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதி, இரு அணிகளின் மொத்த ஓட்டங்களும் ஒன்றாகிச் சமனில் முடிந்த 1986 டெஸ்டும் இந்த மண்ணில்தான் நடந்தது. இப்படி நீளும் பட்டியலைச் சென்னைக்காரர்கள் பெருமையோடு ஒப்பிப்பார்கள். ஆனால் நம் கேள்விக்கு வெளிச்சம் தருகிற ஆட்டங்கள் வேறு.

1975 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக குண்டப்பா விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97 ஓட்டங்கள் எடுத்தார். அந்த இன்னிங்சில் இந்தியா எடுத்ததே 190. மறுமுனையில் ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருக்க, ஆண்டி ராபர்ட்ஸ் 64 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். விஸ்வநாத் கர்நாடகக்காரர், ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டை எதிர்த்து ஆடியவர். அப்படியிருந்தும் இந்த நகரத்தின் மூத்த ரசிகர்களிடம் சேப்பாக்கத்தில் பார்த்த தலைசிறந்த ஆட்டம் எது என்று கேட்டுப் பாருங்கள்; பலர் முச்சதங்களையும் இரட்டைச் சதங்களையும் தாண்டி, சதமே ஆகாத அந்த 97-ஐத்தான் சொல்வார்கள். அதே மூச்சில் ராபர்ட்ஸின் வேகத்தையும் சொல்வார்கள். ஒரு வீரருக்கு ரசிகராக இருப்பதென்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல எடுத்துக்காட்டு இதுதான். அங்கே ஊர் இல்லை, அணிச் சட்டை இல்லை, மட்டை பந்தைத் தொட்ட விதம் மட்டுமே இருந்தது.

1997 மே 21 அன்று பாகிஸ்தானின் சயீத் அன்வர் இங்கே 194 ஓட்டங்கள் குவித்தார். ஒருநாள் ஆட்டங்களில் விவியன் ரிச்சர்ட்ஸ் 189 ஓட்டங்களுடன் வைத்திருந்த உலக சாதனை அன்று முறிந்தது. மே மாத வெயிலில் தசைப்பிடிப்பு கண்டு, தமக்காக ஓட ஆள் வைத்துக்கொண்டு அவர் அடித்த அடிகளெல்லாம் இந்தியப் பந்துவீச்சாளர்கள் மேல் விழுந்த அடிகள். இந்தியா அந்த ஆட்டத்தில் தோற்றும் போனது. அவர் ஆட்டமிழந்து திரும்பியபோது சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியது.

எல்லோருக்கும் தெரிந்தது 1999. இருந்தாலும் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மைதானத்தின் தரத்தை அளக்கும் அளவுகோல் அதுதான். அந்த ஜனவரியில் பாகிஸ்தான் அணி வருவதையே எதிர்த்து டெல்லி மைதானத்தின் ஆடுகளத்தைத் தோண்டியிருந்தார்கள்; டெல்லியில் நடக்க வேண்டிய முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. நான்காம் இன்னிங்சில் இந்தியாவுக்கு இலக்கு 271. முதுகுவலியோடு ஆடிய டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்து அணியைக் கரைக்கு மிக அருகில் கொண்டுவந்தார். இன்னும் 17 ஓட்டங்களே தேவை என்றிருந்தபோது சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கியடித்துப் பிடிகொடுத்தார். 254-க்கு 7 விக்கெட் என்று நின்ற ஸ்கோர் 258-க்கு அனைவரும் அவுட் என்று முடிந்தது. 12 ஓட்டங்களில் தோல்வி. அரங்கமே சிறிது நேரம் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தது. பிறகு ஒரு பக்கத்தில் தொடங்கிய கைதட்டல் மைதானம் முழுக்கப் பரவியது. பாகிஸ்தான் அணித் தலைவர் வாசிம் அக்ரமும் அவருடைய வீரர்களும் மைதானத்தைச் சுற்றி ஓடி அதை ஏற்றுக்கொண்டார்கள்.

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அன்று கைதட்டியவர்கள் இந்தியா தோற்றதைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் அல்லர். நாள் முழுக்க நகத்தைக் கடித்துக்கொண்டு இந்தியா வெல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள். நாட்டு அணிக்கு முழு ரசிகராக இருந்துகொண்டே ஆட்டத்துக்கும் ரசிகராக இருக்கலாம் என்பதை நாற்பதாயிரம் பேர் ஒருங்கே காட்டிய நாள் அது. சக்லைன் அந்த ஆட்டத்தில் எடுத்த 10 விக்கெட்டுகளை ரசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அவரை எதிர்த்து நின்ற 136-இன் மதிப்பும் முழுதாகப் புரியும்.

சரி, இன்று சீட்டு வாங்கிப் போகிறவருக்கு என்ன கிடைக்கிறது?

பெரும்பாலானோர் போவது ஐபிஎல் ஆட்டத்துக்கு. எனவே அதையே முதலில் பார்ப்போம். கிண்டியிலேயே மெட்ரோ ரயிலில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் மஞ்சள் சட்டைகள் ஏறத் தொடங்கிவிடும். அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி வாலாஜா சாலையில் நடக்கும்போது இரு பக்கமும் தோனியின் 7 என்ற எண் பொறித்த சட்டைகள், கன்னத்தில் வண்ணம் தீட்டிவிடுகிறவர்கள், விசில் விற்பவர்கள். பறக்கும் ரயிலில் வந்தால் சேப்பாக்கம் நிலையத்திலிருந்து இன்னும் குறைந்த நடை. 2024 பருவத்தில் ஆட்டச் சீட்டைக் காட்டி மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் கட்டணமின்றிப் பயணிக்க வழி செய்திருந்தார்கள், அருமையான ஏற்பாடு. சொந்த வண்டியில் செல்வதை எந்த நாளுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆட்டம் முடிந்த பிறகு திருவல்லிக்கேணித் தெருக்களிலிருந்து வண்டியை வெளியே எடுப்பதற்குள் பார்த்த ஆட்டமே மறந்துவிடும்.

அதே பருவத்தில் ஐபிஎல் சீட்டின் குறைந்த விலை 1,700 ரூபாய். விற்பனை தொடங்கியதும் இணையத்தில் நீண்ட மெய்நிகர் வரிசை. பெரிய அணிகளுக்கு எதிரான ஆட்டங்கள் என்றால் சீக்கிரமே தீர்ந்துவிடும். கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பல மடங்கு விலைக்கு வெளியில் வாங்கும் சீட்டு செல்லுபடியாகும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

உள்ளே நுழைந்தால், நகர அணிக்கு ரசிகராக இருப்பவருக்கு இதைவிடச் சிறந்த இடம் உலகத்தில் எங்கும் இருக்காது என்றே நினைக்கிறேன். பவுண்டரி ஒவ்வொன்றுக்கும் எழும் விசில் சத்தம் மாடத்தின் கூரைக்கடியில் சுழன்று மீண்டும் காதில் விழும். பக்கத்து இருக்கைக்காரர் யாரென்றே தெரியாது. இரண்டாவது ஓவருக்குள் அவர் உங்கள் தோளில் கைபோட்டுக்கொண்டிருப்பார். மூன்று தலைமுறையும் மஞ்சள் உடையில் சேர்ந்து வரும் குடும்பங்களை இந்தியாவின் வேறெந்த விளையாட்டு அரங்கிலும் இவ்வளவு பார்க்க முடியாது. சூதாட்ட வழக்கின் பேரில் 2016, 2017 ஆகிய இரண்டு பருவங்கள் அணி தடை செய்யப்பட்டுத் திரும்பிய பிறகு, 2018-இல் காவிரிப் போராட்டத்தால் சொந்த மண் ஆட்டங்கள் புனேவுக்கு மாறியபோது, ரசிகர்கள் தனி ரயில் பிடித்து அங்கே போனார்கள். அந்த ஆண்டு கோப்பையும் சென்னைக்கு வந்தது. அணி இல்லாத காலத்திலும் அணிக்காகக் காத்திருந்தவர்கள் இவர்கள். அவர்களது பற்றை இளப்பமாகப் பேசுகிற டெஸ்ட் கிரிக்கெட் அன்பர்கள் சிலரோடு எனக்கு உடன்பாடில்லை.

நகர அணி என்று சொன்னாலும் அந்தப் பற்று பிறந்த ஊரைப் பார்த்து வருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 2023 இறுதிப் போட்டியில் களமிறங்கிய சென்னை அணியில் தமிழ்நாட்டு வீரர் ஒருவர்கூட இல்லை. எதிரே குஜராத் அணிக்காக 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் விளாசியவர் சாய் சுதர்சன், சென்னையில் வளர்ந்தவர். அன்றிரவு சென்னை வீடுகளில் எத்தனை பேர் எந்தப் பக்கம் சாய்வது என்று தவித்திருப்பார்கள்! என் குடும்பத்திலேயே இரண்டு கட்சி. என் சித்தப்பா தமிழ்நாடு லீக் ஆட்டங்களில் சுதர்சனைப் பார்த்து வளர்ந்த பற்றில் அவர் சதம் அடிக்க வேண்டும், ஆனால் சென்னை வெல்ல வேண்டும் என்று கேட்டார். இரண்டையும் சேர்த்து விரும்புவதில் எந்த முரணும் இல்லை என்பது என் எண்ணம்.

சேப்பாக்கத்திலேயே இதைப் போன்ற ஓர் இரவு அதே ஆண்டு ஏப்ரல் 12 அன்று வந்தது. ராஜஸ்தான் அணிக்காக ஆடிய அஸ்வின் 30 ஓட்டங்களும் 2 விக்கெட்டுகளும் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். தோனியும் ஜடேஜாவும் கடைசிப் பந்து வரை போராடியும் சென்னை 3 ஓட்டங்களில் தோற்றது. இந்த மைதானத்தில் விளையாடியே வளர்ந்த ஒருவர், தம் ஊர் அரங்கத்தின் வாயைத் தாமே அடைக்கும்போது, ஊர் ரசிகர் என்ன செய்வது? தம் அணியின் விக்கெட்டைச் சாய்த்தபோதும் அவருக்காகக் கைதட்டியவர்கள் அன்று இருந்தார்கள். அவர்கள் குறைவுதான், ஆனால் அவர்களைத்தான் நான் பழைய சேப்பாக்கத்தின் வாரிசுகளாக எண்ணுகிறேன்.

ஐபிஎல் இரவைப் பற்றிய என் உண்மையான மனக்குறை வேறொன்று. ஒற்றை மனிதர் மேல் உள்ள அன்பு, அவர் ஆடுகிற அணியையே மறைத்துவிடும் அளவுக்குப் போய்விட்டது. தோனி மட்டையுடன் படியிறங்குவதைப் பார்ப்பதற்காகத் தம் அணியின் விக்கெட் விழ வேண்டும் என்று விரும்புகிறவர்கள் மைதானத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். முன்வரிசையில் இறங்கினால் தாம் ஆட்டமிழக்க வேண்டும் என்று ரசிகர்கள் காத்திருப்பார்கள் என்று 2023-இல் ஜடேஜாவே சிரித்துக்கொண்டு சொன்னார். நல்ல மனதோடு சொன்னார் என்றாலும், ஒரு வீரர் தம் சொந்த மண்ணில் அப்படிச் சொல்ல நேர்ந்தது எனக்கு வருத்தமாகவே இருந்தது. 2025 மார்ச் 28 அன்று பெங்களூரு அணி 2008-க்குப் பிறகு முதல் முறையாகச் சேப்பாக்கத்தில் வென்றது. வெற்றி கைநழுவிப் போன பிறகு ஒன்பதாவது இடத்தில் இறங்கிய தோனி கடைசி ஓவரில் அடித்த சிக்ஸர்களுக்கு எழுந்த ஆரவாரம், வெற்றிக்குரிய ஆரவாரம் போலவே இருந்தது. அந்த மனிதர் இந்த ஊருக்குக் கொடுத்ததை நினைத்தால் அன்பு புரிகிறது. ராஞ்சியில் பிறந்தவரைத் தன் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட நகரம் இது. ஆனால் அவருக்காக மட்டும் சீட்டு வாங்குகிறவர், இருபது ஓவரில் பதினெட்டு ஓவரைக் காத்திருந்தே கழிக்கிறார். அப்படிப்பட்டவருக்கு 1,700 ரூபாய் அதிகம் என்றே சொல்வேன்.

ஆட்டத்துக்கு நடுவே ஒலிபெருக்கியில் ஓயாமல் பாட்டு வருவது குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். பக்கத்திலிருப்பவரோடு ஒரு பந்தைப் பற்றிப் பேச விரும்புகிறவர்களுக்கு அது தடை. பேசிக்கொண்டே பார்க்க விரும்பினால் ஐபிஎல் இரவைத் தவிர்த்து டெஸ்ட் ஆட்டத்துக்குச் செல்லுங்கள்.

2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிராக நடந்த டெஸ்டின் முதல் நாளை நான் சேப்பாக்கத்துக்குக் கொடுக்கும் மிக உயர்ந்த மதிப்பெண்ணாக வைத்துக்கொள்ளலாம். காலையில் ஹசன் மஹ்முத் பந்தை இரு பக்கமும் அசைத்து ரோஹித், கில், கோலி என்று மூன்று பேரையும், உணவு இடைவேளைக்குப் பிறகு நான்காவதாக ரிஷப் பந்தையும் வெளியேற்றினார். எனக்கு முன்வரிசையில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், தம் பேத்தியின் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொண்டிருந்தார். கோலி அவுட்டானதும் சுற்றியிருந்த இளைஞர்கள் தலையில் கைவைத்துக்கொள்ள, அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நிதானமாகக் கைதட்டினார். "தாத்தா, நம்ம ஆளுதானே அவுட்டு?" என்று அந்தச் சிறுமி கேட்டாள். "ஆமாம்மா. ஆனா பந்து எப்படி வந்துதுன்னு பார்த்தியா?" என்றார் அவர். அதன் பிறகு அந்தப் பெண் குழந்தை பந்து ஒவ்வொன்றும் விழும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் 144-க்கு 6 விக்கெட் என்று இந்தியா தடுமாறியபோது அஸ்வினும் ஜடேஜாவும் சேர்ந்தார்கள். ஒருவர் இந்த ஊர்ப் பிள்ளை, மற்றவர் அப்போது இந்த ஊர் ஐபிஎல் அணியின் தூண். நாட்டுப் பற்று, ஊர்ப் பற்று, அணிப் பற்று, வீரர் மேலுள்ள பற்று ஆகிய நான்கும் ஒரே கூட்டணியில் வந்து சேர்ந்த அபூர்வமான மாலை அது. நாள் முடிவில் ஸ்கோர் 339, விக்கெட் மேலும் விழவில்லை, அஸ்வின் 102. சதத்துக்கு எழுந்த சத்தம் ஐபிஎல் சத்தத்தைவிடச் சிறியதுதான். ஆனால் அதில் காலையிலிருந்து பட்ட கவலை முழுவதும் கலந்திருந்தது. இரண்டாம் இன்னிங்சில் 6 விக்கெட்டுகளையும் எடுத்து அவரே ஆட்டநாயகனாக முடித்தார்.

அந்த டெஸ்ட் நான்காம் நாள் மதிய உணவுக்கு முன்பே முடிந்துவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய மண்ணில் இப்போதெல்லாம் டெஸ்ட் ஆட்டங்கள் ஐந்து நாளும் நீடிப்பது குறைந்துவிட்டது. ஒரே ஒரு நாள்தான் செல்ல முடியும் என்றால் முதல் நாளோ மூன்றாம் நாளோ செல்லுங்கள். முதல் நாள் காலையில் வேகப்பந்து கொஞ்சம் பேசும். மூன்றாம் நாள் சுழலுக்குரியது, ஆட்டத்தின் திசையும் பெரும்பாலும் அன்றுதான் தெரியவரும்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1986 சமன் டெஸ்டில் 210 ஓட்டங்கள் எடுத்த டீன் ஜோன்ஸ் உடலின் நீர் வற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அது செப்டம்பர் மாதம். பார்வையாளருக்கும் அதே வெயில்தான். 2011 உலகக் கோப்பைக்காக மைதானத்தைப் புதுப்பித்தபோது, பார்வையை மறைத்த பழைய தூண்களையும் கனத்த கூரையையும் எடுத்துவிட்டு, கம்பி வடங்களில் தாங்கி நிற்கும் மெல்லிய வெள்ளைக் கூரைகளை அமைத்தார்கள். மாடங்களுக்கு இடையே கடற்காற்று நுழைய இடைவெளியும் விட்டார்கள். மெரினா கிழக்கே கூப்பிடு தொலைவில் இருப்பதால் பிற்பகலில் காற்று வீசத் தொடங்கியதும் மேல்மாடம் சொர்க்கம். அதுவரை புழுக்கம்தான். எனவே பகல் ஆட்டத்துக்கு மேல்மாடம், கூரையின் உட்பகுதி வரிசைகள். பந்து சுழலும் கோணத்தையும் களத்தடுப்பு அமைப்பையும் அங்கிருந்துதான் நன்றாகப் பார்க்கலாம். வீரர்களை நெருக்கமாகப் பார்க்க வேண்டும், பவுண்டரிக் கோட்டில் நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குக் கீழ்மாடம். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கலைஞர் மு. கருணாநிதி மாடத்தில் இருக்கைகள் புதியவை. விலையும் அதற்கேற்ப மேலே இருக்கும்.

பையும் தண்ணீர்ப் பாட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். உள்ளே விற்கும் சாப்பாட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. விலைக்கேற்ற சுவை இல்லை. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கஃபேயில் சாம்பார் மிதக்க மிதக்க இட்லி சாப்பிட்டுவிட்டு நடந்து வருவது பல தலைமுறைப் பழக்கம். அதை மாற்றுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

சொந்த அணி எதுவும் ஆடாத நாளில் மைதானத்துக்குப் போவது வீண் என்று நினைப்பவர்கள் 2023 உலகக் கோப்பையின்போது சேப்பாக்கத்துக்கு வந்திருக்க வேண்டும். அக்டோபர் 23 அன்று பாகிஸ்தான் 282 ஓட்டங்கள் எடுக்க, ஆப்கானிஸ்தான் 2 விக்கெட்டுகளை மட்டுமே இழந்து அதை எட்டியது. ஒருநாள் ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக அவர்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. கூட்டத்தின் பெரும்பகுதி ஆப்கானிஸ்தான் பக்கம் நின்றது. அதற்குப் பல காரணங்கள்: ரஷீத் கானை ஐபிஎல்லில் ஆண்டுதோறும் பார்த்த நெருக்கம், சொந்த நாட்டில் நிம்மதியாக ஆட வழியில்லாத அணி என்ற பரிவு, சின்ன அணி பெரிய அணியைச் சாய்ப்பதைப் பார்க்கும் இயல்பான ஆசை. சிலருக்குப் பாகிஸ்தான் தோற்க வேண்டும் என்பதே காரணமாக இருந்திருக்கும். அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் தோற்க வேண்டும் என்று மட்டும் விரும்பி உட்கார்ந்தால் பாபர் அசாம் கவர் திசையில் அடிக்கும் அழகைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு பார்க்காமல் விட்டுவிடுவோம். 1997-இலும் 1999-இலும் அப்படி எதையும் தவறவிடாத மைதானம் இது.

நான்கு நாள் கழித்து, அக்டோபர் 27 அன்று, அதே பாகிஸ்தானைத் தென்னாப்பிரிக்கா ஒரே ஒரு விக்கெட் மீதமிருக்கையில் வென்றது. இலக்கு 271; கடைசி விக்கெட் இணை களத்தில்; கேசவ் மகராஜ் நான்கு அடித்து முடித்துவைத்தார். இருபுறமும் நமக்கு உறவில்லாத ஆட்டத்தில் யார் பக்கம் சாய்வது என்று தீர்மானிக்காமலேயே கடைசி அரை மணி நேரம் வரை போகலாம். பந்துக்குப் பந்து மனம் மாறலாம். அந்தச் சுதந்திரத்தை அனுபவிக்க விரும்புகிறவர்கள் இனி எப்போது இத்தகைய நடுநிலை ஆட்டம் சேப்பாக்கத்துக்கு ஒதுக்கப்பட்டாலும் தயங்காமல் வாங்குங்கள். பெரிய ஆட்டங்களைவிட அதற்குச் சீட்டும் எளிதாகக் கிடைக்கும்.

கடைசியாக ரஞ்சிக் கோப்பை. தமிழ்நாடு அணியின் சொந்த மண் ஆட்டங்கள் இப்போது கோயம்புத்தூர், திண்டுக்கல், சேலம் என்று பல ஊர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்படுகின்றன. இளைஞர்கள் எல்லா ஊரிலும் நல்ல ஆட்டம் பார்க்க வேண்டும் என்பதால் அது சரியான முடிவு. அதனால் சேப்பாக்கத்தில் ரஞ்சி ஆட்டம் நடப்பது அபூர்வமாகிவிட்டது. 2023 ஜனவரி இறுதியில் சௌராஷ்டிர அணி இங்கே ஆட வந்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு களத்துக்குத் திரும்பிய ஜடேஜாதான் அந்த அணியின் தலைவர். அவரை மஞ்சள் சட்டையில் கொண்டாடிய அதே ஊர். எதிரே சொந்த மாநில அணி. இரண்டாம் இன்னிங்சில் அவர் 53 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளைச் சாய்த்து தமிழ்நாட்டைச் சுருட்டியபோது அவருக்கு விசில் பறந்தது. தமிழ்நாடு 59 ஓட்டங்களில் வென்றபோது அதற்கும் பறந்தது. எந்தப் பக்கம் என்று யாரும் யாரையும் அதட்டிக் கேட்கவில்லை.

ரஞ்சி நாளில் ஒலிபெருக்கி இல்லை. மட்டையில் பந்து படும் சத்தம், விக்கெட் காப்பாளர் சுழற்பந்து வீச்சாளரைத் தமிழில் உற்சாகப்படுத்துவது, நடுவரிடம் முறையிடும் குரல் எல்லாம் இருக்கைக்கே வந்து சேரும். நாளை இந்திய அணிக்கு ஆடப் போகிறவரை, பெயர் பரவுவதற்கு முன்பே கண்டு, இவர் என் வீரர் என்று சொல்லிக்கொள்ளும் மகிழ்ச்சியும் இங்கேதான் கிடைக்கும். ஒரு வீரருக்கு ரசிகராவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டை முதன்முதலாக நேரில் காட்ட விரும்பும் பெற்றோர் ஐபிஎல் சீட்டுக்காக அலைவதற்கு முன்னால் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் பருவ அட்டவணையைப் பாருங்கள். ரஞ்சி ஆட்டத்துக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. காலை ஒன்பதரைக்குத் தொடங்கும். எந்த வாசல் திறந்திருக்கிறது என்று காவலரிடம் கேட்டுக்கொண்டு, தொப்பியோடு போய், நிழல் விழும் வரிசையில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளை எந்த அணிக்குக் கைதட்டுகிறதோ, அதை அதன் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள்.